காருக்கு ஒரு தோல் போர்வை

காருக்குக் குளிரும் என்று எட்டு வயது வரையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகளுக்கு நாலு போர்வைதான். மார்கழியில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடப்போம். சின்னத்தாவின் காருக்கோ தனியாக, சக்கரம் வரை மூடுகிற மாதிரி ஒரு போர்வை. அதை வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போடுவதும் உண்டு. எங்கள் போர்வைகளை யாரும் துவைத்ததாக எனக்கு நினைவில்லை.

சின்னத்தா என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று நடத்தினார்கள். மெட்ராஸுக்குச் சரக்கு அனுப்புவது, கடிதம் எழுதுவது, பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் அத்தா. தொட்டியும் தோலும் சின்னத்தா. அவருக்குப் பேச்சு குறைவு. ஆனால் ஒரு ஆட்டுத்தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது குஜிலியம்பாறைக் காட்டில் மேய்ந்தது, இது வயல்காட்டு ஆடு என்று சொல்லிவிடுவார். வேறு யார் தரம் பிரித்து அடுக்கினாலும் மெட்ராஸ் வியாபாரிகள் மறுபடி ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். சின்னத்தா அடுக்கியது என்றால் அப்படியே கட்டி ஏற்றச் சொல்லிவிடுவார்கள். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த உள்ளங்கையில்தான் இருந்தது.

அந்தக் கார், கொடைக்கானலில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. அத்தாவுக்குக் காரில் இஷ்டம் இல்லை. ஆனால் தம்பி ஆயுளில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்பதால் சரி என்றார். கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று ஜட்கா வண்டிக்காரர்கள் கூட இறங்கி நின்று பார்த்தார்கள். பாலாடை நிறம். அடேயப்பா, அப்படி ஒரு வழுவழுப்பை நான் அதற்கு முன்னால் கண்டதே இல்லை. எங்கள் தெருவில் எல்லாமே சொரசொரப்பாகத்தான் இருக்கும். சுவர், கதவு, மாடு, மனுஷர்கள் எல்லாம். கதவில் குனிந்து பார்த்தால் என் முகமும், எனக்குப் பின்னால் மலைக்கோட்டைப் பாறையும், அதற்கும் பின்னால் வானமும் தெரிந்தன. இம்புட்டையும் ஒரு தகரம் எப்படி உள்ளே வைத்துக்கொள்கிறது என்று மலைத்துப்போய் நின்றேன்.

சின்னத்தாவும் மலைத்துப்போய்தான் நின்றார் என்பது என் அபிப்பிராயம். அன்றிலிருந்து அந்த வண்ணத்துக்குக் காவல் இருப்பது அவருடைய இன்னொரு வேலை ஆனது. எங்கள் ஊர்த் தூசு பொல்லாதது. காய்ந்த தூசைத் துணியால் துடைக்கவே கூடாது. துடைத்தால் வண்ணத்தில் முடி முடியாகக் கீறல் விழும். முதலில் கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றி அழுக்கை இறக்கிவிட்டு, எண்ணெய் ஏற்றி மெத்தென்று பதப்படுத்திய ஆட்டுத்தோலால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். காக்காய் எச்சமிட்டால் ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டு, அப்புறம் பதமாகத் தூக்க வேண்டும். வளையல் போட்ட கை, பித்தான் வைத்த சட்டை, சாவிக்கொத்து தொங்கும் இடுப்பு எதுவும் காரை உரசக் கூடாது. சின்னம்மா, அதாவது அவருடைய மனைவி, தன்னையே ஒரு முழம் தள்ளித்தான் நடக்கச் சொல்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

போர்வை, பழைய வேட்டிகளை வெந்நீரில் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கி, இரட்டையாகத் தைத்தது. அதைப் போடுவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. இஞ்சின் சூடு ஆறியிருக்க வேண்டும். உடம்பில் தூசு இருக்கக் கூடாது. முக்கியமாக, ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஒரு நாள் நான் அவசரப்பட்டு, கழுவின உடனே போர்வையை இழுத்தபோது, வாய் திறக்காத மனுஷர் திறந்தார். "ஈரத்து மேல போட்டா அது போர்வை இல்ல தாயி, கஃபன்" என்றார். இறந்தவர்களுக்குச் சுற்றுகிற துணியைச் சொல்கிறார் என்று தெரிந்ததும் போர்வையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

அந்தப் போர்வைக்குள் எனக்கு ஓர் இடம் இருந்தது யாருக்கும் தெரியாது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், துணிக்கும் காருக்கும் நடுவே, ஓர் எட்டு வயதுப் பிள்ளை குந்தி உட்கார இடம் உண்டு. வளையல்களைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்; அந்த அளவுக்கு எனக்கும் நியாயம் தெரியும். மத்தியான வெயில் துணி வழியாக இறங்கி, வண்ணத்தில் பட்டு, உள்ளே முழுக்கப் பால் நிறமாக இருக்கும். வாயை அருகே கொண்டுபோய் மூச்சு விட்டால் காரின் மேல் ஓர் ஆவி படிந்து, ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி, காணாமல் போகும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருப்பேன். தொழுகைப் பள்ளியில்கூட எனக்கு அப்படி ஓர் அமைதி வந்ததில்லை என்று ஒரு தடவை அம்மாவிடம் சொல்லி, தலையில் குட்டு வாங்கினேன்.

என் மூத்த அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. சின்ன வயதில் அம்மை வார்த்து இரண்டு கன்னத்திலும் தழும்பு. அது எனக்கு அக்காவின் முகம், அவ்வளவுதான். அதில் பார்க்க ஏதாவது இருப்பதாகவே தோன்றியதில்லை. ஆனால் வந்து பார்த்துவிட்டுப் போன பெண்களுக்குத் தோன்றியது. மூன்று இடம் வந்து, சர்பத் குடித்து, திரும்பிப் போய், யாரோ ஒருவர் மூலமாக "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே துலக்கின பாத்திரங்களை மறுபடி துலக்குவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

நாலாவதாக வந்தது பழனிக்கு மேற்கே உள்ள ஓர் ஊர்ச் சம்பந்தம். பெரிய இடம். இந்தத் தடவை அத்தா முந்திக்கொண்டார். பள்ளிவாசலில் நாலு பெரியவர்களை வைத்துக்கொண்டு, பெண்ணோடு காரும் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் தம்பிக்குச் சொன்னார். ஒரே சோறு, ஒரே ஷாப்பு. யாருடைய கார் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. சின்னத்தா "சரிண்ணே" என்றார். மறுநாள் காரைக் கழுவுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சம்பந்தத்துக்கு மினுக்கிவைக்கிறார் என்று சின்னம்மா சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். அக்காவுக்காக அவர் எதையும் கொடுப்பார். அவள் கைக்குழந்தையாக அம்மையில் கிடந்தபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர்தானாம்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த மத்தியானம் வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்கள் மட்டும் உள்ளே போய்ப் பெண்ணைப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு வெளியே முற்றத்துப் பந்தலில் நாற்காலி. ஆக, பெண்கள் உள்ளே பெண்ணைப் பார்த்த நேரத்தில், ஆண்கள் வெளியே காரைப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் செத்த நேரத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். வெளியே இருந்தவர்களுக்குத்தான் பார்த்து முடியவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் போர்வைக்குள் இருந்தேன். வீட்டுக்குள் சர்பத் தம்ளர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவின் கைக்குத் தப்பி அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனாரும் தாய்மாமாவும் மட்டும் காருக்குப் பக்கத்தில் வந்தார்கள். அத்தா பந்தலில் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். முன்பக்கம் போர்வையை யாரோ தூக்கினார்கள். அப்புறம் ஒரு சத்தம், டொக் டொக் என்று. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். தாய்மாமா கல் வைத்த மோதிரத்தால் என் சின்னத்தாவின் காரைத் தட்டிக்கொண்டிருந்தார்! எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளேயிருந்து கத்தவும் முடியவில்லை.

"வண்ணம் ஒரிஜினலுங்க. கையே படல" என்றார் தாய்மாமா.

"பொண்ணு மொகத்தைத்தான் உள்ள ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார் தகப்பனார்.

"அதுக்கென்னங்க. காரு நம்ம வாசல்ல வந்து நின்னுரட்டும். பொண்ணு சரிப்படலீன்னா ஒரு வருசத்துல திருப்பி உட்டுட்டு, பையனுக்கு வேற பாத்துக்கலாம். காரைத் திருப்பிக் கேப்பாங்களா?"

இரண்டு பேரும் மெல்லச் சிரித்தார்கள். மறுபடி டொக் டொக்.

அவர்கள் நகர்ந்ததும் நான் மறுபக்கமாக வெளியே வந்து, வளையலைக்கூட எடுக்காமல், கொல்லை வழியாக ஷாப்புக்கு ஓடினேன். சின்னத்தா சம்பந்திகளை வரவேற்றுவிட்டு, தொட்டியில் ஏதோ வேலை என்று போயிருந்தார். நான் போனது மோதிரத்தைப் பற்றிச் சொல்லத்தான். அல்லாவின் மேல் சத்தியமாக வேறு எதுவும் என் மனதில் இல்லை. மூச்சு வாங்க வாங்க, மோதிரத்தால் தட்டினார், இரண்டு தடவை தட்டினார், கண்டிப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும் என்று முறையிட்டேன். எங்கே தட்டினார் என்று கேட்டார். முன்பக்கம் என்றேன். தட்டும்போது என்ன சொன்னார் என்று கேட்டார். வண்ணம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும், அதைத் தொடர்ந்து சொன்னதையும், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி என்று ஒரு கர்வம் உண்டு.

சின்னத்தா கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லு தாயி. அவுக சொன்னபடியே சொல்லு."

சொன்னேன். கொங்குப் பேச்சின் இழுவையோடு, நடித்தே காட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இத யார்ட்டயும் சொல்லிராத. அக்காட்ட சொல்லவே சொல்லாத" என்றார். மோதிர விஷயம் அக்காவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் போலிருக்கிறது என்று நினைத்து, தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு சின்னத்தா, அத்தாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் பேசினது எதுவும் வெளியே கேட்கவில்லை. அத்தாவின் குரல்தான் கேட்டது. எட்டு வயதுப் புள்ள பேச்சைக் கேட்டுக்கொண்டு, நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை மாற்றச் சொல்கிறாயா என்றார். இது போனால் வேறு யார் வருவார்கள் என்றார். கடைசியில் கொஞ்சம் நிதானித்து, எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"காரக் குடுக்க உனக்கு மனசு வரல. அதச் சொல்லு."

சின்னத்தா வெளியே வந்து, செருப்பைக்கூடப் போடாமல் ஷாப்புப் பக்கம் நடந்தார். பாவம், மோதிரத்தால் தட்டினதைச் சொல்லப்போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார் என்று நினைத்து, எனக்கு அத்தாவின் மேல் கோபம் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போகிற காருக்குப் பழைய வேட்டிப் போர்வை என்ன மரியாதை? நம் ஷாப்புத் தோலிலேயே ஒரு போர்வை தைத்துக் கொடுப்போம் என்றார் சின்னத்தா. அத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம்பி மனம் மாறிவிட்டான் என்று அம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். நானும் பூரித்தேன். தோல் போர்வைக்கு மேல் எவன் மோதிரத்தால் தட்ட முடியும்?

அந்த ஒரு வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. மெட்ராஸுக்குக் கட்டி வைத்திருந்த சரக்கைப் பிரித்து, முதல் தரத்திலும் முதல் தரமாக அறுபது செம்மறித் தோலைப் பொறுக்கினார். ஒரு கொசு கடித்த தடம் இருந்தாலும் தள்ளிவிட்டார். தைப்பதற்கு எரியோட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தார். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்குத் தோல் சால் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, முழத்தால் அளந்து, மூக்குக்கு ஒரு வளைவு, பின்புறத்துக்கு ஒரு வளைவு என்று வெட்டித் தைத்தார். மெழுகு தடவின நூல் தோலுக்குள் போய் வருகிற சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. ஊசி போட்ட இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது வந்து தடவிப் பார்த்தார்கள். ராஜாக்கள் யானைக்குக்கூட இப்படிப் போட்டிருக்க மாட்டார்கள் என்றார் ஒரு பெரியவர்.

தைத்து முடித்த அன்று சின்னத்தா, போர்வையைத் தொட்டிக்குள் இறக்கி ஊறப்போடச் சொன்னார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டி. நனைத்து, இழுத்துக் கட்டி, அப்படியே காயவிட்டால்தான் தோல் காரின் உருவத்தைப் பிடிக்கும் என்றார். எரியோட்டுக்காரர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"மொதலாளி, நான் சொல்லக் கூடாது. ஈரத் தோலும் இரும்பும்..."

"எனக்குத் தெரியாதா?" என்றார் சின்னத்தா.

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கே தெரியும். எங்கள் ஷாப்பில் தொட்டிப் பக்கம் யாரும் இரும்பு கொண்டுபோகக் கூடாது. மரத் தொட்டி, மண் பானை, செம்பு வாளிதான். அம்மா அந்தப் பக்கம் போனால் இடுப்புச் சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். பட்டைச் சாறு ஏறிய தோலில் ஒரு துரு ஆணி பட்டாலும் போதும், மை கொட்டின மாதிரிக் கருத்துவிடும், சுரண்டினாலும் போகாது. ஆனால் சின்னத்தாவே சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது? காருக்குத்தான் மேலே வண்ணம் இருக்கிறதே என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். எரியோட்டுக்காரர் என்ன சொல்லிக்கொண்டார் என்று தெரியாது. கூலியை வாங்கிக்கொண்டு, காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

போர்வை தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, முற்றத்தில் சொரக் சொரக் என்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வெளிக் கதவைச் சாத்திவிட்டு, சின்னத்தா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் ஆட்டுத்தோல் இல்லை. தேங்காய் நார் இருந்தது. பக்கத்தில் சிரட்டை நிறையச் செங்கல் பொடி. கூரையில் ஆரம்பித்து, மூக்கு, கதவு என்று அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தைக்கூட அம்மா அப்படித் தேய்க்க விடமாட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்ன சின்னத்தா, நாரு போட்டுத் தேய்க்கிறீங்க?"

"அழுக்கு போகல தாயி. நீ போய்ப் படு" என்றார், திரும்பாமலே.

கண் சிவந்திருந்தது. செங்கல் பொடி விழுந்துவிட்டதாகச் சொன்னார். நான் நம்பினேன். சாயங்காலம் ஈரம் சொட்டச் சொட்டப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஈரக் காரின் மேல் போட்டு, நாலு ஆட்கள் நாலு பக்கமும் இழுத்துக் கயிற்றால் கட்டினார்கள். கார் முழுசாக மறைந்து, மூக்கும் முதுகுமாக ஏதோ ஒரு மிருகம் முற்றத்தில் படுத்திருப்பது போல ஆகிவிட்டது. ஊரே கூடி நின்று பார்த்தது. மூன்று நாள் வெயிலில் தோல் காய்ந்து, சுருங்கி, இறுகிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் நான் விரலால் சுண்டிப் பார்த்தேன். தப்பு கொட்டின மாதிரி கணீரென்றது.

நாள் குறிப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். போகும்போது காரையும் ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. டிரைவரையே கூட்டி வந்திருந்தார்கள். மோதிரக்காரத் தாய்மாமா தோல் போர்வையைத் தடவிப் பார்த்து, வாய் நிறையப் புகழ்ந்தார். அத்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சின்னத்தா சூரிக்கத்தியால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். நாலு ஆட்கள் பிடித்து உரித்தார்கள். உரித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தோல் காரை விட்டு வர மறுத்தது. வந்தபோது வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அந்தக் காரை எப்படிச் சொல்வது? பாலாடை நிறம் அங்கங்கே தீவு தீவாக மிச்சம் இருந்தது. மற்ற இடமெல்லாம் கொப்புளம். கொப்புளம் உடைந்த இடத்தில் தேன் நிறம், அதன் நடுவில் கருநீலம். தையல் ஓடின இடங்களில் மை ஊற்றின மாதிரிக் கோடுகள். கதவில் வானமும் இல்லை, மலைக்கோட்டையும் இல்லை. பயந்துபோய்ப் பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு கருப்பை, அப்படி ஒரு நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

தாய்மாமா குனிந்து ஒரு கொப்புளத்தைத் தொட்டார். அது அவர் விரலோடு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாள் குறிப்பதை ரம்ஜான் கழித்து வைத்துக்கொள்ளலாமுங்களா என்றார். வைத்துக்கொள்ளலாம் என்றார் அத்தா. சம்பந்தம் முறிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பிரியாணி தம்மில் இருந்தது, அவர்கள் சாப்பிடவில்லை. ரம்ஜான் வந்தது, போனது. அவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை.

அத்தா அன்று கத்தவில்லை. தம்பியின் முன்னால் வந்து நின்று, மெதுவாகத்தான் கேட்டார்.

"தோல்காரன் வீட்ல பொறந்தவனுக்கு இது தெரியாதா?"

"கவனிக்காம விட்டுட்டேன்ணே."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் ஷாப்பு விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஊர் மட்டும் பேசியது. ஈரத் தோலை இரும்பில் கட்டின மேதாவி என்று பெயர் வைத்துவிட்டது. தொட்டியில் பட்டை மிதிக்கிற பயலுக்குத் தெரிந்தது கூட இவருக்குத் தெரியவில்லையே என்று தோல் மண்டியில் உட்கார்ந்து சிரித்தார்கள். மெட்ராஸ் வியாபாரிகள் சின்னத்தா அடுக்கின கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய உள்ளங்கையை அதற்கப்புறம் யாரும் நம்பவில்லை. கார் முற்றத்திலேயே, போர்வை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு யாரோ வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அக்காவை இரண்டு வருஷம் கழித்து, வத்தலக்குண்டில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர், எதுவும் கேட்காமல் நிக்காஹ் செய்துகொண்டார். அவரோடு முப்பத்தெட்டு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

அந்தப் பழனிப் பக்கத்துக் குடும்பத்துக்கு வேறு ஒரு பெண் போனாள். கையோடு ஒரு காரும் போனது. பத்து மாதத்தில் அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அத்தா அன்று எழுந்து போய், சின்னத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான், நாரும் செங்கல் பொடியும் எதற்கு என்று ஒரு நாள் திடீரென்று உறைத்து, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அதற்குள் சின்னத்தா இல்லை.

எட்டு வயதில் நான் செய்தது வேறு. கார் அப்படி ஆன மறுநாள் நேராக அவர் முன்னால் போய் நின்றேன். அக்கா கல்யாணத்தை நீங்கதான் கெடுத்தீங்க, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். அவர் வாங்கி வந்த மிட்டாயைத் தொடமாட்டேன். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் நின்று என்னை நிறுத்தினார். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "தெரியாமப் பண்ணிட்டேன் தாயி, மன்னிச்சிரு" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. பெரிய மனுஷி மாதிரி அவர் தலையில் கை வைத்து, சரி போகட்டும், இனிமேலாவது கவனமாக இருங்க என்று சொல்லி, அவரை நான் மன்னித்தேன்.